ரேகையைப் பூட்டுவதா, ரிப்போர்ட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பதா?

மூன்று வருடத்துக்கு முன் ஆவணியில், மினி டிராக்டர் வாங்கக் கடன் கேட்டு அப்பா காங்கயத்தில் ஒரு வங்கிக்குப் போனார். நானும் கூடப் போயிருந்தேன். பட்டா, சிட்டா, அடங்கல் எல்லாம் சரியாக இருந்தது. அலுவலர் கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "கரூர்ல தவணைக்கு ஒரு செல்போன் எடுத்திருக்கீங்க, ஆறு தவணை கட்டாம நிக்குதுங்களே" என்றார். அப்பாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "ஏனுங்க சார், நான் கரூருக்குப் போயே எட்டு வருசம் ஆச்சுங்க. என்ற போனைப் பாருங்க" என்று சட்டைப் பையிலிருந்த பட்டன் போனை எடுத்து மேசைமேல் வைத்தார்.

அந்தக் கடன் பதினெட்டாயிரம் சொச்சம். அதை அப்பா பெயரிலிருந்து எடுக்க நாலு மாதம் ஆனது. அந்த ஐப்பசி மழைக்கு எங்கள் காட்டை வாடகை டிராக்டர்தான் உழுதது. அதுகூடப் பரவாயில்லை. கொடுக்கல் வாங்கலில் ஒரு நாள் தவறாதவர் என்று ஊரில் பேர் எடுத்த மனுசன், அந்த நாலு மாதமும் வங்கி இருக்கிற வீதிப் பக்கம் போகவே கூசினார். எனக்கு இன்றுவரை ஆறாதது அதுதான். ஆதார் நகல் எப்படி வெளியே போயிருக்கும் என்று யோசித்தபோது, சிம் மாற்ற பஸ் ஸ்டாண்டு ஓரம் குடை போட்டிருந்த ஒருவரிடம் கொடுத்த ஆதார் ஜெராக்ஸ் அப்பாவின் நினைவுக்கு வந்தது.

நான் திருப்பூரில் துணி தைத்துக் கொடுக்கும் ஒரு ஜாப் ஒர்க் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். பிஎஃப், இஎஸ்ஐ வேலையும் என் தலையில்தான். அப்பா விஷயம் தெரிந்த பிறகு கம்பெனியிலும் சொந்தத்திலும் ஆளாளுக்கு என்னிடம் கேட்கிறார்கள். ஆதாரைப் பூட்டிவிட்டால் போதுமா, மாதம் காசு கட்டினால் சிபிலை, அதாவது நம் பெயரில் உள்ள கடன் கணக்கைப் பார்த்துச் சொல்கிற ஆப் நல்லதா, இன்சூரன்ஸ் போடலாமா என்று. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதத் திருட்டைத்தான் தடுக்கிறது. எது எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது, அதற்காக நாம் எதை விட வேண்டிவரும் என்று தெரிந்தால்தான் வீட்டில் யாருக்கு எது என்று முடிவு செய்ய முடியும்.

பூட்டில் இரண்டு வகை

முதலில் ரேகையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நம்ம பக்கம் அதிகம் பேர் கவனிக்காதது இதுதான். ஏஇபிஎஸ் என்று ஒரு வசதி இருக்கிறது. கிராமத்தில் வங்கி மித்ரா என்கிற வங்கி முகவர் சின்ன மெஷினை வைத்துப் பணம் எடுத்துத் தருகிறாரே, அது. ஆதார் எண், வங்கியின் பெயர், விரல் ரேகை மூன்றும் இருந்தால் போதும். கார்டு வேண்டாம், பின் நம்பர் வேண்டாம், ஓடிபியும் வராது. ஒரு தடவைக்கு 10,000 ரூபாய் வரை எடுக்கலாம். வயசானவர்களுக்கும் பஸ் வசதி இல்லாத ஊர்களுக்கும் இது பெரிய உதவி, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் 2023-இல் கர்நாடகத்தில், பத்திரம் பதிந்தவர்கள் பலருடைய கணக்கிலிருந்து இதே வழியில் பணம் போனது. பத்திர நகலில் இருந்த ரேகையைப் படி எடுத்துப் போலி விரல் செய்திருக்கிறார்கள். கொங்கு நாட்டில் பத்திரம் இல்லாத குடும்பம் ஏது? கிரயம், பாகப்பிரிவினை, தான செட்டில்மென்ட் என்று ஒவ்வொரு வீட்டுப் பீரோவிலும் பெருவிரல் வைத்த காகிதம் கத்தையாக இருக்கிறது. அதன் நகல்கள் எத்தனை கை மாறியிருக்கும் என்று கணக்கே இல்லை.

கடவுச்சொல் திருடு போனால் மாற்றிக்கொள்ளலாம், விரலை மாற்ற முடியாது. ஆகவே, அதைப் பூட்டி வைக்க ஆதார் ஆணையமே வழி கொடுத்திருக்கிறது.

முதல் வகை, பயோமெட்ரிக் லாக். ஆதார் தளத்திலோ ஆதார் ஆணையத்தின் செயலியிலோ நாமே போடலாம், காசு கிடையாது. போட்டுவிட்டால் ரேகை, கருவிழி, முகம் எதை வைத்தும் யாராலும் ஆதார் சரிபார்ப்பு செய்ய முடியாது, நாமே வந்து விரல் வைத்தாலும் மெஷின் ஏற்காது. தேவைப்படும்போது தற்காலிகமாகத் திறக்கலாம். பத்து நிமிடத்தில் தானாகவே மறுபடி பூட்டிக்கொள்ளும். ஓடிபி மூலம் நடக்கும் சரிபார்ப்புக்கு இது தடையில்லை. கணக்கில் வந்து விழும் மானியம், மகளிர் உரிமைத் தொகை எதுவும் நிற்காது. இதைச் சொன்னதும் எங்கள் அம்மா, "ஏன் கண்ணு, பூட்டிப்போட்டா மாசம் வர்ற ஆயிரம் நின்னுறாதா?" என்றுதான் முதலில் கேட்டார். நிற்காது. பணம் வருவது வேறு, ரேகை வைத்துப் பணம் எடுப்பது வேறு.

இரண்டாவது வகை, ஆதார் எண்ணையே பூட்டுவது. இதற்கு முதலில் விஐடி என்னும் 16 இலக்க எண்ணை உருவாக்கிக்கொள்ள வேண்டும். பூட்டிய பிறகு 12 இலக்க ஆதார் எண்ணை வைத்து ரேகை, ஓடிபி எந்த வழியிலும் சரிபார்க்க முடியாது, அந்த விஐடியைக் கொடுத்தால்தான் நடக்கும். பாதுகாப்பு என்று பார்த்தால் இதுவே பலமானது. நடைமுறையில் பார்த்தால் எல்லாருக்கும் ஒத்துவராது. விஐடி மறந்துவிட்டால் பதிவு செய்த எண்ணிலிருந்து ஆதார் உதவி எண்ணான 1947-க்குக் குறுஞ்செய்தி அனுப்பி வாங்கலாம்தான். ஆனால் வங்கியிலோ இ-சேவை மையத்திலோ போய் "ஆதார் எண்ணைப் பூட்டியிருக்கிறேன், விஐடி போட்டுக்கொள்ளுங்கள்" என்றால் பாதிப் பேர் விழிக்கிறார்கள். கோயமுத்தூரில் ஐடி வேலையில் இருக்கும் தம்பி இதைப் போட்டிருக்கிறான். வருடத்தில் ரெண்டு மூன்று தடவைதான் அவனுக்கு ஆதார் தேவைப்படுகிறது, விஐடியையும் செல்போனிலேயே வைத்திருக்கிறான். அப்பாவுக்கு இதைப் போட்டால், அவருடைய ஒவ்வொரு வேலைக்கும் நான் திருப்பூரிலிருந்து பஸ் ஏறிப் போக வேண்டியதுதான்.

ரேஷன் கடைதான் பலருக்கும் தயக்கம். குடும்ப அட்டையில் பெயர் உள்ள யார் ரேகை வைத்தாலும் பொருள் தருகிறார்கள். ஆகவே, கடைக்குப் போகிற ஒருவரை மட்டும் விட்டுவிட்டு மற்றவர்களுக்குப் பூட்டுவது சரியான ஏற்பாடு. தனி ஆளாக அட்டை வைத்திருப்பவர்கள், முதியோர் பணத்தை ரேகை வைத்து வாங்குகிறவர்கள், ஓய்வூதியத்துக்கு உயிர்ச்சான்று கொடுக்க வேண்டியவர்கள் யோசித்துத்தான் செய்ய வேண்டும். பூட்டியதை மறந்துவிட்டு வரிசையில் நின்றால் வெறுங்கையோடு திரும்ப வேண்டிவரும்.

இதற்கெல்லாம் அடிப்படை ஒன்று இருக்கிறது. ஆதாரோடு எந்தக் கைப்பேசி எண் இணைந்திருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். கிராமத்தில் பெரியவர்கள் பலருடைய ஆதாரில் பேரன் எண், பக்கத்து வீட்டுப் பையன் எண், ஏன், பதிவு செய்துகொடுத்தவருடைய எண்கூட இருக்கும். பயன்படுத்தாமல் விட்டுத் துண்டிக்கப்பட்ட எண்ணை 90 நாளுக்குப் பிறகு இன்னொருவருக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அப்புறம் உங்கள் ஓடிபி யாரோ ஒருவர் கைக்குப் போகும். பழைய எண் செத்திருந்தால் ஆதார் மையத்துக்குப் போய் மாற்றுவதுதான் முதல் வேலை. அதே தளத்தில், கடந்த ஆறு மாதத்தில் நம் ஆதார் எங்கெங்கே சரிபார்க்கப்பட்டது என்ற பட்டியலும் கிடைக்கும். சந்தேகம் வந்தால் அதைத் திறந்து பார்க்கலாம்.

பூட்டு எட்டாத இடம்

அப்பா அன்று ரேகையைப் பூட்டியிருந்தால் கரூர்க் கடன் தடுக்கப்பட்டிருக்குமா? தடுக்கப்பட்டிருக்காது. அந்தக் கடனை யாரும் ரேகை வைத்து வாங்கவில்லை. நகலை வைத்து வாங்கியிருக்கிறார்கள். புகாருக்குப் பிறகு அந்த நிறுவனம் விண்ணப்பத்தை அனுப்பியபோது, அப்பாவின் பெயர், அப்பாவின் ஆதார், அப்பாவின் ஊர் எல்லாம் இருந்தன. ஒட்டியிருந்த படத்தில் மட்டும் முப்பது வயதுப் பையன் ஒருவன் சிரித்துக்கொண்டிருந்தான். அறுபத்தாறு வயதுக்காரரின் கார்டுக்கு அந்த முகத்தை யாரோ ஒருவர் ஒத்துப் பார்த்து 'சரி' போட்டிருக்கிறார்.

எங்கள் தோட்டத்தைச் சுற்றிக் கிளுவை வேலி இருக்கிறது. ஆடு நுழையாது, அவ்வளவு அடர்த்தி. ஆனாலும் சாயந்திரம் அப்பா முதலில் போய்ப் பார்ப்பது கடவை, வேலியில் ஆள் போய்வர விட்டிருக்கும் திறப்பை. ஜெராக்ஸ் அந்தக் கடவு மாதிரி.

எங்கள் கம்பெனியிலேயே நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். கட்டிங்கில் இருந்து துணி வரும்போது ஒவ்வொரு பண்டலிலும் ஒரு சீட்டு இருக்கும். ஸ்டைல் நம்பர், சைஸ், எத்தனை பீஸ் என்று அதில் எழுதியிருப்பார்கள். ஒருநாள் ஒரு சீட்டைத் திருப்பினேன். பின்பக்கம் ஒடிசாப் பையன் ஒருவனுடைய ஆதார் நகல், பாதியாகக் கிழித்தது. முகமும் எண்ணும் தெளிவாக இருந்தன. வேலைக்குச் சேரும்போது ரெண்டு ரெண்டு நகல் வாங்கி, மிஞ்சியதைத் துண்டுக் காகிதக் கட்டில் போட்டிருக்கிறார்கள். அந்தக் கட்டில் இன்னும் பதினேழு பேர் இருந்தார்கள். ஊர் விட்டு ஊர் வந்து, பாஷை தெரியாத இடத்தில் பதினைந்தாம் நாள் சம்பளத்தை நம்பி நிற்கிற பிள்ளைகள். இவர்கள் பெயரில் ஒரு கடன் விழுந்தால் போய்க் கேட்கக்கூட ஆள் கிடையாது. அன்று சாயந்திரமே முதலாளி அண்ணாவிடம் சொல்லி அந்தக் கட்டு முழுவதையும் என் கையால் கிழித்தேன்.

நகல் கொடுக்க வேண்டிய இடத்தில் நமக்கு மூன்று வழி இருக்கிறது. முழு ஆதார் நகலின் மேல் குறுக்காக எழுதிக் கொடுப்பது, முதல் எட்டு இலக்கம் மறைத்த மாஸ்க்டு ஆதாரைக் கொடுப்பது, ஆதாரே இல்லாமல் ஓட்டுநர் உரிமம் அல்லது வாக்காளர் அட்டை கொடுப்பது. லாட்ஜ், அபார்ட்மென்ட் செக்யூரிட்டி, கல்யாண மண்டபம், கூரியர் போன்ற இடங்களில் மூன்றாவதே போதும். தனியார் நிறுவனம் ஆதார்தான் வேண்டும் என்று கட்டாயப்படுத்த 2018 செப்டம்பர் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு இடமில்லை. ஆதார் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் மாஸ்க்டு ஆதார். தளத்தில் பதிவிறக்கும்போதே அந்தக் கட்டத்தை டிக் செய்தால் கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரிகிற மாதிரி வரும்.

குறுக்கே எழுதுவதைப் பலர் லேசாக நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. "வீட்டு வாடகைக்கு மட்டும், 12 தை" என்று படத்தின் மேலும் எண்ணின் மேலும் படும்படி எழுதிக் கையெழுத்துப் போட்ட நகலை வைத்துக் கடன் வாங்கத் துணிகிறவன் குறைவு. கணினியில் அழிக்கலாம்தான், ஆனால் எழுதாத நகல் நூறு கிடைக்கும்போது இதற்கு யார் மெனக்கெடப் போகிறார்கள்? நான் இப்போது ரெண்டையும் சேர்த்தே செய்கிறேன். மாஸ்க்டு நகல், அதன்மேல் எழுத்து. வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பச் சொன்னால்கூட, காகிதத்தில் எழுதிவிட்டுத்தான் படம் எடுக்கிறேன்.

இலவசமாகப் பார்ப்பதா, காசு கட்டிப் பார்ப்பதா

எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும், பத்து வருடத்துக்கு முன் கொடுத்த நகல்களைத் திரும்ப வாங்க முடியாது. ஆகவே காவலும் வேண்டும்.

அமெரிக்காவில் இருக்கும் பெரியப்பா மகன் போனில், "கிரெடிட்டை ஃப்ரீஸ் பண்ணிட்டா முடிஞ்சுது" என்றார். அங்கே அது 2018 செப்டம்பரிலிருந்து இலவசம். முடக்கி வைத்திருக்கும் வரை உங்கள் கடன் கோப்பைப் புதிதாகக் கடன் கொடுக்க வரும் யாரும் பார்க்க முடியாது. பார்க்க முடியாதபோது கடனும் தரமாட்டார்கள். நம் நாட்டில் நாமே அப்படி முடக்கி வைக்கும் உரிமையைச் சட்டம் இன்னும் தரவில்லை. இங்கே அதற்கு ஓரளவு பக்கத்தில் வருவது ஒரு எச்சரிக்கைச் செய்திதான். 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவுப்படி, ஒரு வங்கியோ நிதி நிறுவனமோ உங்கள் கடன் அறிக்கையை எடுத்துப் பார்த்தால் உங்களுக்குக் குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ வர வேண்டும். நீங்கள் எங்கும் கடன் கேட்காத நாளில் அப்படி ஒரு செய்தி வந்தால், யாரோ உங்கள் பெயரில் கேட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்தச் செய்தி எந்த எண்ணுக்குப் போகும்? நம் கடன்களைப் பதிந்து வைக்கும் கடன் தகவல் நிறுவனத்தின் கோப்பில் இருக்கிற எண்ணுக்கு. அங்கே பழைய எண் இருந்தால் உங்களுக்குத் தெரியவே தெரியாது.

இந்தியாவில் கடன் தகவல் நிறுவனங்கள் நாலு. டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹை மார்க். நாம் எல்லாவற்றையும் சேர்த்தே 'சிபில்' என்கிறோம். 2017-லிருந்து ஒவ்வொரு நிறுவனமும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நாலையும் ஒரே நாளில் எடுத்துவிட்டு வருடம் முழுக்கச் சும்மா இருக்காதீர்கள். நான் தை, சித்திரை, ஆடி, ஐப்பசி என்று மூன்று மாதத்துக்கு ஒன்றாகப் பிரித்து வைத்திருக்கிறேன். பொங்கல், சித்திரைக்கனி, ஆடிப்பெருக்கு, தீபாவளி என்று எப்படியும் வீட்டுக்குப் போகிற நாள்கள். அம்மாவும் அப்பாவும் பக்கத்தில் இருக்கும்போதே ஓடிபி வாங்கி எடுத்துவிடுவேன். நம்முடையதை நாமே பார்ப்பதால் கடன் மதிப்பெண் (ஸ்கோர்) குறையாது. அந்தப் பயமே வேண்டாம்.

எடுத்தால் எல்லாரும் 300-க்கும் 900-க்கும் நடுவில் இருக்கும் அந்த ஒற்றை எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். திருட்டு தெரிவது அங்கே இல்லை. நம் விலாசம், கைப்பேசி எண் என்று போட்டிருக்கும் பக்கத்தைப் பாருங்கள். அப்பாவின் அறிக்கையில் நாலு கைப்பேசி எண் இருந்தது. ஒன்று அவருடையது, ஒன்று என்னுடையது, ஒன்று எப்போதோ வைத்திருந்த பழைய எண். நாலாவது யாருடையது என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. கரூர் விலாசமும் அதே பக்கத்தில்தான் இருந்தது. அடுத்து, கணக்குகளின் பட்டியலும், நம் பெயரில் கடன் கேட்டபோது யார் யார் கோப்பைப் பார்த்தார்கள் என்று காட்டும் 'விசாரணை' என்ற பட்டியலும். நீங்கள் கால் வைக்காத நிறுவனத்தின் பெயர் விசாரணையில் இருந்தால், கடன் கொடுக்கப்பட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் கேள்வி கேளுங்கள். குழுக்கடன் வாங்குகிற பெண்கள் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். குழுத் தலைவியிடம் கொடுத்து வைத்த நகலில் இன்னொரு கடன் ஏறியிருப்பதை, அடுத்த கடன் கேட்கப் போகும்போதுதான் பலர் கண்டுபிடிக்கிறார்கள்.

காசு கட்டும் சந்தாவில் என்ன கூடுதல்? நினைத்தபோதெல்லாம் பார்க்கலாம், மாறுதல் வந்தால் உடனே செய்தி வரும். கடன் கொடுத்தவர்கள் 2025 ஜனவரியிலிருந்து பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது தகவல் கொடுக்க வேண்டும் என்பதால் அந்தச் செய்தியும் முன்னைவிடச் சீக்கிரம் வருகிறது. ஆனால் நடந்த பிறகு சொல்லுமே தவிர, நடக்காமல் தடுக்காது. என் கருத்தில் சந்தா இரண்டு பேருக்குத்தான் தேவை. ஒன்று, ஏற்கெனவே பெயரில் திருட்டு நடந்து புகார் ஓடிக்கொண்டிருப்பவர். இரண்டு, அடுத்த ஆறு மாதத்தில் வீட்டுக் கடனோ தொழில் கடனோ வாங்கப் போகிறவர். அவர்களும் வேலை முடிந்ததும் தானாகப் பணம் எடுக்கும் ஏற்பாட்டை நிறுத்திவிட வேண்டும். மற்றவர்களுக்கு நாலு இலவச அறிக்கை போதும்.

இலவசமாக ஸ்கோர் காட்டும் ஆப்களில் காசு வாங்கமாட்டார்கள். ஆனால் உள்ளே போகும்போது கொடுக்கிற சம்மதத்தால், மறுநாளிலிருந்து "சார் லோன் வேணுமா" என்று போன் வரும். பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் நேராக அந்த நாலு நிறுவனத்தின் தளத்துக்கே போங்கள்.

"சிபிலைச் சரிசெய்து தருகிறோம்" என்று ஈரோட்டிலிருந்து பொள்ளாச்சி வரை போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள். இதை மட்டும் வேண்டவே வேண்டாம் என்று அழுத்திச் சொல்வேன். ஆதார், பான், ஓடிபி மூன்றையும் கேட்பார்கள். ஒரு திருட்டைச் சரிசெய்யப் போய் அடுத்த திருட்டுக்கு வேண்டிய எல்லாவற்றையும் நாமே எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகும். தவறான பதிவை மறுக்க ஒரு பைசா செலவில்லை. கடன் தகவல் நிறுவனத்தின் தளத்திலேயே மறுப்புப் பதியலாம். 30 நாளில் தீர்க்காவிட்டால் அதற்குமேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பதும் அதே 2023 அக்டோபரில் வந்த விதிதான். அப்பாவுக்கு நான் மூன்றையும் ஒரே வாரத்தில் செய்தேன். தளத்தில் மறுப்பு, கடன் கொடுத்த நிறுவனத்துக்குப் பதிவுத் தபாலில் கடிதம், போலீஸில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது. அந்த ரசீதின் நகல் போன பிறகுதான் நிறுவனம் விண்ணப்பத்தையே தேடி எடுத்தது. பிறருடைய அடையாளத்தைப் பயன்படுத்தி இப்படிச் செய்வது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவின்படி மூன்று வருடம் வரை சிறைக்குரிய குற்றம் என்று கடிதத்தில் எழுதியிருந்தேன்.

சிம், ஜிஎஸ்டி, நிலம்

இந்த மூன்றையும் சுருக்கமாகவே சொல்கிறேன். மூன்றிலும் தேர்ந்தெடுக்க ஒன்றும் இல்லை, எல்லாரும் செய்ய வேண்டியதுதான்.

தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் எண்ணையும் ஓடிபியையும் போட்டால், உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று காட்டும். ஒருவர் பெயரில் ஒன்பது வரை இருக்கலாம் என்பதுதான் சட்டம். ஆகவே, நாலு ஐந்து திருட்டு சிம் இருந்தாலும் எந்த மணியும் அடிக்காது. தெரியாத எண் இருந்தால் 'என் எண் இல்லை' என்று அங்கேயே புகார் பதியலாம். 2024 ஜனவரியிலிருந்து சிம்முக்குக் காகித நகல் வாங்குவது நின்றுவிட்டது. இப்போது ஏமாற்றுவது வேறு மாதிரி. "சர்வர் டவுனுங்க, மறுபடி ஒருக்கா விரல் வைங்க" என்பார்கள். உண்மையாகவே சர்வர் போயிருக்கலாம். இரண்டாவது விரலுக்கு இரண்டாவது சிம் ஏறியிருக்கவும் செய்யலாம். மறுபடி விரல் வைத்த அன்று ராத்திரியே தளத்தைப் பார்த்துவிடுங்கள்.

ஜிஎஸ்டி விஷயம் திருப்பூர், கரூர், ஈரோடு பக்கம் இருக்கிறவர்களுக்கு முக்கியம். வேலை வாங்கித் தருகிறோம், லோன் போட்டுத் தருகிறோம் என்று ஆதாரையும் பானையும் வாங்கி, அந்தப் பெயரில் போலி நிறுவனம் பதிந்து, சரக்கே இல்லாமல் பில் மட்டும் போட்டு விற்கிறார்கள். அப்புறம் கூலி வேலை செய்கிறவர் வீட்டுக்கு வரி நோட்டீஸ் வருகிறது. ஜிஎஸ்டி தளத்தில் பான் எண்ணை வைத்துத் தேடும் வசதி இருக்கிறது. உள்நுழையவே தேவையில்லை. உங்கள் பானில் பதிவு எதுவும் இல்லையென்றால் ஒன்றும் வராது. எங்கள் கம்பெனியில் பான் வைத்திருக்கும் அத்தனை பேருடையதையும் ஒரு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பார்த்து முடித்துவிட்டேன். வருமான வரித் தளத்தில் ஏஐஎஸ் என்ற ஆண்டுத் தகவல் அறிக்கையையும் வருடம் ஒருமுறை திறந்து பாருங்கள். நீங்கள் செய்யாத பெரிய வரவுசெலவு உங்கள் பானில் இருந்தால் அங்கே தெரியும்.

நிலம் இருக்கிறவர்கள் பதிவுத்துறைத் தளத்தில் வில்லங்கச் சான்றை இலவசமாகப் பார்க்கலாம். ஆள்மாறாட்டம் செய்து காட்டை விற்பது பழைய திருட்டுதான், அதுவும் அடையாளத் திருட்டே. வெளியூரில் இருக்கிறவர்கள் வருடத்துக்கு ரெண்டு முறையாவது பார்க்க வேண்டும்.

சைபர் இன்சூரன்ஸ் பற்றிக் கேட்கிறவர்களுக்கு என் பதில், மேலே சொன்ன இலவச வேலைகள் எல்லாம் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதே. போன பணத்தையும் வக்கீல் செலவையும் ஓரளவுக்கு ஈடுகட்டும் பாலிசிகள் இருக்கின்றன. எத்தனை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், நாமே ஓடிபி சொல்லியிருந்தால் தருவார்களா என்ற ரெண்டையும் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பணமே போய்விட்டால் முதல் வேலை சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அடிப்பது, அடுத்து வங்கிக்கு எழுத்தில் தெரிவிப்பது. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் போன பணத்தை மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்துவிட்டால் நஷ்டம் உங்களுடையது இல்லை. நாள் தள்ளத் தள்ள உங்கள் பங்கு கூடும்.

எங்கள் வீட்டில் செய்த ஏற்பாடு

தம்பிக்கு ஆதார் எண் பூட்டு. எனக்கும் அப்பாவுக்கும் பயோமெட்ரிக் பூட்டு. அப்பா ரேகை வைக்க வேண்டிய வேலை வருடத்துக்கு ஒன்றிரண்டுதான். அவர் ஆதாரில் என் எண்ணைச் சேர்க்கலாமா என்று யோசித்து, வேண்டாமென்று விட்டுவிட்டேன். அவர் பட்டன் போனிலேயே ஓடிபி வரும், அவர் படித்துச் சொல்வார், நான் திறந்துகொடுப்பேன். அவர் பெயரில் எது திறந்தாலும் முதலில் அவருக்குத்தான் தெரிய வேண்டும்.

அம்மாவுக்குப் பூட்டவில்லை, ரேஷன் கடைக்குப் போவது அவர்தான். அதற்குப் பதிலாக அவருடைய கணக்கை இரண்டாகப் பிரித்தோம். மகளிர் உரிமைத் தொகை வருகிற கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறது, அதில் ரெண்டாயிரம் மூவாயிரத்துக்கு மேல் வைப்பதில்லை. பால் பணமும் ஆட்டுக்குட்டி விற்ற பணமும் வேறு வங்கியில், ஆதார் இணைக்காத கணக்கில் இருக்கிறது. அந்தக் கணக்கை வாக்காளர் அட்டை கொடுத்துத் திறந்தோம். சில வங்கிகளில் எழுதிக் கொடுத்தால் ஏஇபிஎஸ்ஸையே நிறுத்தித் தருகிறார்கள். உங்கள் கிளையில் அதையும் கேட்டுப் பாருங்கள்.

அதிகம் யோசித்தது அமுச்சிக்குத்தான், அம்மாவைப் பெற்றவர். எண்பத்து மூன்று வயது. முதியோர் பணத்தை வீட்டுக்கே வந்து ரேகை வாங்கிக்கொண்டு தருகிறார்கள். கடலைக்காய் பிடுங்கியும் மஞ்சள் வேக வைத்தும் தேய்ந்துபோன விரல், முதல் தடவையில் ஒருநாளும் பதிவதில்லை. தேங்காய் எண்ணெய் தொட்டு, முந்தானையில் துடைத்து, நாலாம் தடவை விழும். பதியாத ஒவ்வொரு தடவையும் மெஷினில் என்ன நடக்கிறது என்று அமுச்சிக்குத் தெரியாது, நமக்கும் தெரியாது. பூட்டிவிட்டால் மாதாமாதம் யாராவது திறந்துகொடுக்க வேண்டும், அந்த நேரத்தில் பக்கத்தில் ஆள் இருக்காது. ஆகவே பூட்டவில்லை. அந்தக் கணக்கில் முதியோர் பணம் தவிர வேறு எதுவும் விழாதபடி செய்துவிட்டோம். மெஷினிலிருந்து வரும் ரசீதை, பணம் வந்தாலும் வராவிட்டாலும், ஒவ்வொரு தடவையும் கேட்டு வாங்கிவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். அமுச்சி அதைச் சுருக்குப் பையில் வெற்றிலையோடு மடித்து வைத்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை நான் போனதும், "இந்தா அம்மிணி, உன்ற சீட்டு" என்று எடுத்து நீட்டுவார். பாஸ்புக்கில் பதிந்ததோடு ஒத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.